அடைத்த வாசலைத் திறப்பது: சைனஸ் ஆபரேஷன்

"சைனஸ் ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வந்துடும்" என்ற பேச்சு அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடைகளில் இன்றும் உண்டு. பழைய ஆபரேஷனைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்துக்குள் இருப்பது பெரியது. அதன் வாசலோ அடியில் இல்லை, மேலே. தண்ணீர்த் தொட்டிக்குக் கழுத்தில் குழாய் வைத்த மாதிரி. உட்சவ்வின் நுண்மயிர்கள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளி, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டராக வாசலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. அலர்ஜியோ, கிரைண்டிங் தூசியோ, ரோட்டுப் புழுதியோ சவ்வை வீங்கவைத்தால் அந்தச் சிறு வாசல் அடைபடும், சளி தேங்கும். 12 வாரம் தாண்டியும் தீராவிட்டால் அது நாள்பட்ட சைனஸ்.

1890களில் நியூயார்க்கின் கால்டுவெல்லும் பாரிஸின் லுக்கும் தனித்தனியே ஒரு வழி சொன்னார்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்குக்குள் புது ஓட்டை போடுவது. கீழே வழி இருந்தால் சளி தானே வடியும் என்பதுதான் கணக்கு. பல்லாண்டுகள் கழித்து, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸர்கிளிங்கர் சளி நகரும் பாதையை உட்கார்ந்து கவனித்தார். நுண்மயிர்கள் கீழ் ஓட்டையைச் சட்டையே செய்யவில்லை. அதைத் தாண்டிப் பழைய வாசலுக்கே சளியை ஏற்றிக்கொண்டிருந்தன!

அப்படியானால் அந்த வாசலைத்தானே திறக்க வேண்டும்? 1985இல் அமெரிக்காவின் டேவிட் கென்னடி 'ஃபெஸ்' என்று பெயரிட்ட எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் அதைத்தான் செய்கிறது. முகத்தில் கீறல் கிடையாது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் மூக்குக்குள் போகும். நுனி 30, 70 டிகிரி சாய்வாகப் பார்க்கும் குழாய்களும் உண்டு. கூடவே போகும் மைக்ரோடிப்ரைடர், மூக்குக்குள் உண்டாகும் சதை வளர்ச்சியை உறிஞ்சி இழுத்து, சுழலும் கத்தியால் சீவும். லேத் ஓட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவில் மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருப்பதால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கமாட்டார்கள்.

ஆஸ்துமாவோடு சதை வளர்ச்சியும் உள்ளவர்களுக்கு அது மறுபடி வளரலாம். மூக்கில் அடிக்கும் மருந்து ஸ்ப்ரேயை விட்டுவிடலாம் என்று நினைத்து ஆபரேஷனுக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். அந்த மருந்து உள்ளே போய்ச்சேரவும்தான் வழி திறக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. உப்புக்கரைசலால் கழுவச் சொல்வார்கள். அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ அப்படியே வேண்டாம்.