எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் மலைப் பிரயாணமும்

சேமநிதி நிறைந்த சங்கம் ஒரு பருவத்து நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். சேமநிதி கரைந்த சங்கத்துக்கோ சிறு நஷ்டமும் பெரும் ஆபத்தாகும். மனித உடலும் அவ்வாறே. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர், எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறாதோர், நீரிழிவு கட்டுக்கடங்காதோர் ஆகியோருக்கு நோயெதிர்ப்பு என்னும் சேமநிதி குறைவு.

ஆடிப் பதினெட்டை ஒட்டிய வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் தரிசனத்துக்கும் நெசவாளர் பலர் கொல்லிமலை ஏறுகின்றனர். மலைவாழ் விவசாயிகள் சிகிச்சைக்காக நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இறங்குகின்றனர். மேற்சொன்னவர்கள் வீட்டிலேயே முடங்க வேண்டுவதில்லை; முன்யோசனையுடன் புறப்படுதல் வேண்டும்.

முதலாவது, காலம். புற்றுநோய் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்க்க. பிரயாணத் தேதியை வைத்தியரைக் கேட்டே முடிவு செய்க. நெருக்கமான பஸ்ஸில் முகக்கவசம் அணிக.

இரண்டாவது, மருந்து. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; பலருக்கு வாந்தி வரும். மாத்திரை உண்டவுடன் வாந்தியெடுத்தால் மறுபடியும் உண்பதா என்பதை முன்னரே வைத்தியரிடம் கேட்டறிக. மருந்தை மூட்டையில் வையாது கைப்பையில், சில நாட்களுக்கு அதிகமாகவே வைத்துக்கொள்க. மருந்துச் சீட்டின் நகலும் உடனிருக்கட்டும்.

மூன்றாவது, நீரும் உணவும். மலைமேல் நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே கொதிக்கும். எனினும் கொல்லிமலையின் உயரத்தில் நன்கு தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். பாதையோரத்தில் நறுக்கி வைத்த அன்னாசியும் பலாச்சுளையும் வேண்டா. தாமே உரித்துண்ணும் வாழைப்பழம் நன்று. உடலில் புண்ணுள்ளோர் ஆகாய கங்கையில் நீராடற்க.

நான்காவது, கால். மிளகு, காப்பித் தோட்டங்களின் ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பது பலரின் வழக்கம். மலம் கலந்த மண்ணிலிருந்து ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நுண்புழு தோல் வழியே உடலுட்புகும். அறிகுறியின்றிப் பல்லாண்டுகள் தங்கும். ஸ்டீராய்டு உண்ணத் தொடங்கினால் அது பன்மடங்கு பெருகி உயிரையே மாய்க்கக்கூடும். ஆதலின் காலணி அணிக. ஸ்டீராய்டு தொடங்குமுன், தாம் தோட்டத்தில் வெறுங்காலுடன் உழைப்பவர் என்பதை வைத்தியரிடம் கூறுக. மருந்திட்டு அப்புழுவை ஒழிக்க வழியுண்டு.

ஐந்தாவது, குரங்கும் நாயும். கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குச் சிறு கீறலாயினும் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். எனவே தம் நிலைமையை மறைக்கலாகாது.

யாவற்றினும் முக்கியமானது காய்ச்சல். வெப்பமானி ஒன்று உடனிருக்க வேண்டும். 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். மாத்திரையால் காய்ச்சலைத் தணித்துவிட்டு உறங்கிவிடாதீர்கள். மருந்தேற்றிக்கொண்டவருக்குச் சில மணி நேரத் தாமதமும் உயிரிழப்பாக முடியலாம். செம்மேடு அரசு ஆஸ்பத்திரியை நாடுக, அல்லது 108-ஐ அழைக்க. ஸ்டீராய்டு உண்போருக்குக் காய்ச்சலே தோன்றாமலும் இருக்கலாம். குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றையும் அவ்வாறே கருதுக.

யாத்திரை ஏற்பாடு செய்யும் சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு வேண்டுகோள். அங்கத்தினரின் வியாதியின் பெயரைக் கேளாதீர்கள். அவருக்கு வேண்டிய வசதியை மட்டும் கேளுங்கள். காற்றோட்டமான ஜன்னலோர இருக்கையும் கொதித்தாறிய நீரும் அளித்தல் சங்கத்துக்குப் பெருஞ்செலவன்று.