கொன்றையும் ஆவாரையும் ஓரினமா?

பொங்கலுக்கு முன்பு தருமபுரி, சேலம் பகுதிகளில் வீட்டுக் கூரையில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, பூளைப்பூ இவற்றுடன் சேர்ந்து அந்தக் கொத்தில் மஞ்சளாகத் தெரிவது ஆவாரம்பூ. மொரப்பூர், அரூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் இது யாரும் விதைக்காமலே புதராக வளர்கிறது. சித்திரை வெயிலில் இலைகளை உதிர்த்துவிட்டுச் சரம் சரமாகப் பூத்துத் தொங்கும் மரம் கொன்றை. இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள், இறகு போன்ற கூட்டிலைகள். இவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று யாருக்கும் தோன்றும்.

லின்னேயசுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1753-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கொன்றைக்குக் காசியா ஃபிஸ்டுலா என்றும், ஆவாரைக்குக் காசியா ஆரிகுலேட்டா என்றும் பெயரிட்டார். 1871-இல் ஜார்ஜ் பெந்தம் இப்பேரினத்தை விரிவாக ஆராய்ந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்களை மூன்று துணைப் பேரினங்களாகப் பிரித்தார். ஆனால் காசியா என்ற பொதுப்பெயரை விடவில்லை. நம்முடைய பழைய தாவரவியல் நூல்களில் ஆவாரை இன்றும் காசியாவாகவே இருப்பதைக் காணலாம்.

இப்போது ஒரு கொன்றைப் பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் இதழை எண்ணிவிட்டு நின்றுவிடுகிறார்கள். வகைப்பாட்டின் திறவுகோல் உள்ளே இருக்கிறது. பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் மிக நீளமானவை. அவற்றின் கம்பிகள் தூண்டில் முள்ளைப் போல வளைந்து பூவுக்கு வெளியே நீண்டிருக்கும். அடுத்த நான்கு குட்டையானவை. எஞ்சிய மூன்று மிகச் சிறியவை. ஆவாரம்பூவிலோ இந்த வளைந்த நீண்ட கம்பிகள் கிடையா. மேலே உள்ள மூன்று தாள்கள் மலடு. கீழே உள்ளவற்றின் மகரந்தப்பைகள் பெரியவை; அவை நீளவாட்டில் வெடிப்பதில்லை, உப்புக் குப்பியைப் போல நுனியில் துளை உடையவை.

துளை வழியே மகரந்தம் எப்படி வெளிவரும்? இவ்விடத்தில் தாவரவியல் இயற்பியலிடம் வந்து சேருகிறது. இப்பூக்களில் தேன் இல்லை. வண்டுகள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே தன் மார்புத் தசைகளை நொடிக்குச் சில நூறு முறை அதிர வைக்கிறது. அந்த அதிர்வு மகரந்தப்பைக்குள் பரவ, தூள் துளை வழியே சிதறுகிறது. அப்போது எழும் ரீங்காரம் பறக்கும் ஒலியைவிட உச்சமாகக் கேட்கும். நம் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவை இருக்குமே! காலையில் மலர்ந்த ஆவாரம்பூவைக் கறுப்புத் தாளின்மேல் பிடித்து, அதிரும் கவையின் புயத்தால் பெரிய மகரந்தப்பையைத் தொட்டுப் பாருங்கள். தாளில் மஞ்சள் தூள் விழும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கொன்றைக்காய் உருளையானது, இரண்டடி வரையிலும் நீளும், தானாக வெடிக்காது. உள்ளே குறுக்குத் தடுப்புகள். ஒவ்வோர் அறையிலும் கரிய சதையோடு ஒரு விதை. ஆவாரைக்காய் தட்டையானது, நான்கைந்து அங்குலத்துக்கு மேற்படாது. ஆவாரையின் சிற்றிலை இணைகளுக்கு நடுவே சிறு சுரப்பிகள் நிமிர்ந்து நிற்கும். இலையடிச் செதில் காது மடல் போல அகன்றிருக்கும். ‘ஆரிகுலேட்டா’ என்றால் காதுடையது என்பதே பொருள். கொன்றையில் அச்சுரப்பிகளைத் தேடினாலும் கிடைக்காது.

அமெரிக்கத் தாவரவியலாளர்களான ஹோவர்டு இர்வினும் ரூபர்ட் பார்னபியும் 1982-இல் பெந்தமின் மூன்று பிரிவுகளையும் தனித்தனிப் பேரினங்களாக்கினர். வளைந்த கம்பியுடையவை காசியா, ஆவாரை முதலியவை சென்னா, மூன்றாவது கேமேகிரிஸ்டா. மூன்றாவதன் காய் வெடித்து, தோல் சுருண்டு, விதையைத் தெறிக்க விடும். அதன் வேர்களில் நைட்ரசனை நிலைப்படுத்தும் முடிச்சுகள் உண்டு. மற்ற இரண்டுக்கும் இல்லை. ஆகவே இது வெறும் பெயர் விளையாட்டு அன்று. பூவின் நிறமோ இதில் சாட்சி சொல்லாது. தோட்டங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் காசியா ஜாவானிக்காவே கொன்றைக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் ஆவாரை தூரத்து உறவுதான்.

நிறத்தை நம்பியதால் வந்த தொல்லை ஒன்றும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்தையும் மக்கள் கொன்றை என்றே அழைக்கிறார்கள். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது பரவி, அடியில் புல்லும் நாட்டு மரக்கன்றுகளும் வளரவிடாமல் செய்கிறது. வனத்துறை அதை வெட்டி அகற்றி வருகிறது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்ப்பதால் வேலை எளிதாக இல்லை. அதன் பூங்கொத்து கொன்றைபோலத் தொங்காமல் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். தூண்டில் முள் போன்ற அந்த மூன்று கம்பிகளும் அதில் இரா.