செத்த நண்பர்களுக்கு ஒரு பாட்டு!

ராயபுரம், காசிமேடு பக்கம் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுவது உண்டு. டோலக்கு இல்லையா? சட்டி போதும்! இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் அடித்த கூத்தையும் பாடுவார்கள். இதுதான் மரண கானா. குடித்தே செத்தவருக்கும் பாட்டு உண்டு.

அமெரிக்காவிலும் இப்படிப் பாடினார்கள்.

ஆலிஸ் கூப்பர் பெரிய பாடகர். (பெயர்தான் ஆலிஸ், ஆள் ஆண்!) 1970-களில் இவரும் நண்பர்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மதுக்கடை ஒன்றில் கூடிக் குடிப்பார்கள். கூட்டத்தின் பெயர் "ஹாலிவுட் வேம்பயர்ஸ்". அதாவது, இரத்தம் குடிக்கும் பேய்கள்! இவர்கள் குடித்தது இரத்தம் அல்ல.

அவர்களில் ஒருவர் கீத் மூன். டிரம் வாசிப்பவர். குடியை மறக்க டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையே எமன் ஆயிற்று! 1978 செப்டம்பர் 7-ந்தேதி இறந்தார். வயிற்றில் இருந்தவை 32 மாத்திரைகள். வயதும் 32.

கூப்பர் குடியை விட்டார், பிழைத்தார். நடிகர் ஜானி டெப், கிதார் கலைஞர் ஜோ பெரி ஆகியோருடன் பழைய பெயரிலேயே குழு அமைத்தார். 2015-ல் இசைத்தட்டு வந்தது. மூன் வாசித்த பாட்டு ஒன்றும் அதில் உண்டு. கடைசிப் பாட்டின் தலைப்பு: "செத்துப்போன என் குடிகார நண்பர்கள்".

அதில் ஒப்பாரி இல்லை. ஒரே கும்மாளம்! காசிமேட்டுக்காரர்கள் கேட்டால், "நம்ம பாட்டு" என்பார்கள்.