ஹார்டு டிஸ்க்கில் ஏன் 'டிக்' விழுகிறது?

வீட்டு அறையில் பாட்டுப் போடுபவருக்குக் கேள்வி எளியது: ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

பதிவுக்கு மட்டும் என்றால் ஹார்டு டிஸ்க்கே தாராளம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நொடிக்கு 144 கிலோபைட்தான்; 32 டிராக் ஓடினாலும் 5 மெகாபைட்டைத் தொடாது.

சிக்கல் சாம்பிள்களில், அதாவது டிஸ்க்கிலிருந்து எடுத்து ஒலிக்கும் கருவி ஒலிப்பதிவுகளில். சாம்பிள் பியானோவில் பத்து விரலும் இறங்கினால், தட்டில் பத்து இடங்களைத் தேட வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றே 8.3 மில்லிநொடி; முள் நகரும் நேரம் தனி. தரவு பிந்தினால் ஒலி 'டிக்'கென்று அறும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை. மைக்கில் ஏறும் உறுமலும் இல்லை.

சாம்பிள்களை சாதா சாட்டா எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். அதைவிட வேகமான என்.வி.எம்.இ. கட்டாயமில்லை. முடித்த பாட்டுகளின் நகலுக்குப் பழைய ஹார்டு டிஸ்க் போதும்.