உங்களுக்குத் தெரியுமா? வகுப்பறையில் பிறந்த சட்டம்

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதிய வரைவு, நாடு தழுவிய சட்டமாகியிருக்கிறது!

நியூ ஜெர்சியின் ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில், ஆசிரியர் ஸ்டூவர்ட் வெக்ஸ்லரின் ஆட்சிமுறை வகுப்பு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் நடந்து துப்புத் துலங்காமல் போன கொலைகளை ஆராய்ந்தது. அரசிடம் ஆவணம் கேட்டால், பல வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்ட தாள்களே வந்தன. அந்தப் பிள்ளைகள் சும்மா விடவில்லை. 2015இல் தொடங்கி, அந்த ஆவணங்களை வெளியிட வழிசெய்யும் மசோதாவை எழுதி, வாஷிங்டன் சென்று ஆதரவு திரட்டினார்கள். அதே போராட்டக் காலத்தில் நடந்த பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பின் குற்றவாளிகள் சிலருக்கு அரசு வழக்கறிஞராகத் தண்டனை வாங்கித்தந்த டக் ஜோன்ஸ், செனட்டரானதும் அதை முன்மொழிந்தார்.

மூத்தவர்கள் படிப்பு முடித்துப் போக, இளையவர்கள் தொடர்ந்தார்கள்.

2019 ஜனவரி 8 அன்று அந்த மசோதா சட்டமானது. அதன்படி, 1940 முதல் 1979 வரையிலான இத்தகைய வழக்குகளின் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் திரட்டுகிறது.