விழா காண்ட்ராக்ட் எடுக்கணுமா? முதலில் ஆளை எண்ணுங்க!

பழவேற்காடு ஏரி சொல்லும் பாடம்

கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா எல்லாத்தையும் ஒரே ஆள் பொறுப்பேற்று நடத்துவது இப்போது நல்ல தொழில். "பந்தல் போட்டா ஆச்சு, காசு வந்தா ஆச்சு" என்று இறங்குகிறவர்கள், ஒரு நடை பழவேற்காடு போய் வரட்டும்!

பூநாரைகள் வந்திறங்கும் ஏரி இது. இதன் ஆந்திரப் பக்கம், சூலூர்பேட்டையில் பறவைத் திருவிழா நடத்துகிறார்கள். 2025 ஜனவரியில் 3 நாள் நடந்தது. மேடை, கலை நிகழ்ச்சி, பீமுனிவாரிபாளையம் மீனவ கிராமத்தில் படகு சவாரி... அத்தனைக்கும் ஆள் வேணும்; வேலை உண்டு.

22 பேர் பலி

ஆனால் இதே ஏரியில்தான், 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது வினையாகிவிட்டது.

தொழிலுக்குப் புதுசா? பந்தல்காரரிடமோ, அனுபவப்பட்ட காண்ட்ராக்டரிடமோ கொஞ்ச காலம் கையாளாக இருங்கள். போலீஸ் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அட்வான்சுக்கு ரசீது கொடுங்கள். எத்தனை பேர் வருவார்கள், இடம் எத்தனை பேரைத் தாங்கும், அவசரத்துக்கு வழி எது? இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் அலங்காரம்!

சீரியல் லைட் அணைஞ்சா மறுபடி எரிய வைக்கலாம். போன உயிர்?