மலேரியாத் தடுப்பும் கிராம சுகாதாரப் பணியாளரும்

1883-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் படைமுகாமில் தற்காலிக மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்ற ரொனால்டு ராஸ், தமது இல்லத்தில் கொசுத்தொல்லை மிகுந்திருப்பதைக் கண்டார். சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்ததும் தொல்லை குறைந்தது. முகாமின் பிற நீர்க்கலங்களையும் இவ்வாறே காலி செய்யலாம் என அவர் யோசனை கூறினார். கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்துடன் படைக்கப்பட்டதே, அதனைப் பொறுத்துக்கொள்வதே முறை எனக் கூறி, முகாம் அதிகாரி அதனை ஏற்க மறுத்துவிட்டார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல்; அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1902-இல்.

தொட்டியைக் கவிழ்ப்பதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஆனால் முட்டையிலிருந்து கொசு வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே ஆகின்றமையால், வாரந்தோறும் தவறாமல் அதனைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவருடைய ஊதியம் எந்தக் கணக்கில் வழங்கப்பட வேண்டும் என்னும் வினாக்களுக்கு வளர்ந்துவரும் நாடுகள் பலவும் இன்றளவும் விடை தேடிவருகின்றன.

விடுதலை பெற்ற 1947-இல் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு இலட்சமாகக் குறைந்தது. அவ்வாண்டில் உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. எனினும் 1976-இல் அது அறுபத்து நான்கு இலட்சத்தைக் கடந்தது. டி.டி.டி. மருந்தைக் கொசுக்கள் எதிர்த்து நிற்கத் தொடங்கியமை இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கண்காணிப்பு தளர்ந்தமையே எனலாம். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வீதம் நியமிக்கப்பட்ட கண்காணிப்புப் பணியாளர், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று காய்ச்சல் கண்டோரின் இரத்தம் எடுக்க வேண்டும். நோய் குறையக் குறைய இந்தச் செலவு வீண் எனத் தோன்றுவது எந்த நிதித்துறைக்கும் இயல்பே.

1977-இல் திருத்தப்பட்ட செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் மருந்து விநியோக மையங்களும் காய்ச்சல் சிகிச்சை நிலையங்களும் அமைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமூக சுகாதாரப் பணியாளர் திட்டமும் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர். அவர் அவ்வூராரே தேர்ந்தெடுப்பவர். மூன்று மாதப் பயிற்சி. மாதம் ஐம்பது ரூபாய் மதிப்பூதியம். பின்னர் இவர்கள் கிராம சுகாதார வழிகாட்டிகள் எனப் பெயர் பெற்றனர். தொடக்கத்தில் ஆண்களே மிகுதியாக இருந்தனர். பெண்களை நியமிக்க வேண்டும் என்ற தெளிவு எண்பதுகளில்தான் ஏற்பட்டது. தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றைப் போலவே கர்நாடகமும், கிராம அளவில் மாற்று ஏற்பாடுகள் உள்ளன எனக் கூறி இத்திட்டத்தில் சேரவில்லை.

பட்டுப்புழுவும் கிணற்று மீனும்

இவ்வாறு தனி வழியில் நின்ற கர்நாடகத்தில், பின்னர் நடைபெற்ற ஒரு முயற்சி கருதத்தக்கது. கோலார், ஹாசன், தும்கூர் மாவட்டங்களின் கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் கிணறுகளும் ஏரிகளும் உண்டு. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு இக்கிணறுகள் நல்ல புகலிடமாயின. வீட்டுச் சுவரில் பூச்சிமருந்து தெளிப்பதே அரசின் வழக்கமான முறை. ஆனால் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் தெளிப்பாளரை உள்ளே விடுவதில்லை. கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். ஒரு தட்டுப் புழு மடிந்தால் குடும்பத்தின் ஒரு மாதப் பிழைப்பே போய்விடும். இதனை அறியாமை எனக் குறித்த அறிக்கைகள் உண்டு. உண்மையில் அது பிழையற்ற வீட்டுக் கணக்கு.

மலேரியா ஆராய்ச்சி மையத்தின் பெங்களூர்க் கள நிலையம் இங்கே வேறு வழியை மேற்கொண்டது. 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனும், கப்பி எனப்படும் சிறு மீனும் கிணறுகளிலும் ஏரி குட்டைகளிலும் விடப்பட்டன. இரண்டும் கொசுப்புழுவை உண்பவை. முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை. ஆதலால் பெருக்குவது எளிது. கப்பி ஓரளவு மாசடைந்த நீரிலும் பிழைக்கும். கோலார் மாவட்டம் காமசமுத்திரம் ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியில் இம்முறை கையாளப்பட்டு, மலேரியா வெகுவாகக் குறைந்தது. நாட்டு மீன்களின் முட்டைகளையும் தவளைக் குஞ்சுகளையும் கம்பூசியா தின்றுவிடும் என்பதால், அதனை இயற்கை நீர்நிலைகளில் விடுவது பற்றிய எச்சரிக்கையும் நியாயமானதே.

மீன் விட்டவுடன் வேலை முடிவதில்லை. கோடையில் கிணறு வற்றும். தூர் எடுக்கும்போது மீன் போய்விடும். புதிய கிணறு தோண்டப்படும். எந்தக் கிணற்றில் மீன் இல்லை என்பதை மாவட்டத் தலைநகரில் உள்ள அதிகாரி அறியமாட்டார். அவ்வூரில் தண்ணீர் எடுப்பவரே அறிவார். ஆகவே 2001 டிசம்பரில் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு ‘கலாஜாதா’ என்னும் தெருநாடகமும் பாட்டும் நிகழ்த்தி, மீன் வளர்ப்பு விளக்கப்பட்டது.

எண்ணக்கூடியதும் எண்ண முடியாததும்

2005-இல் தொடங்கிய தேசிய கிராமப்புற சுகாதார இயக்கம் ‘ஆஷா’ பணியாளர்களை நியமித்தது. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்னும் பழைய கணக்கே மீண்டது. இம்முறை கர்நாடகமும் சேர்ந்தது. பணியாளர் அனைவரும் பெண்கள். முன்னர் இரத்தம் தடவிய கண்ணாடித் தகடு ஆய்வகத்துக்குச் சென்று முடிவு திரும்புவதற்குள் வாரங்கள் கழிந்தன. இப்போது விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு விரைவுச் சோதனைப் பட்டை கால்மணி, அரைமணி நேரத்தில் விடை கூறுகிறது. எனினும் சோதனையைவிடக் கடினமானது அதற்குப் பின்வரும் பணி. விவாக்ஸ் வகை மலேரியாவில் குளோரோகுயின் மூன்று நாட்களில் காய்ச்சலைத் தணித்துவிடும். ஈரலில் மறைந்திருக்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாட்கள் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டு வயல்வேலைக்குப் புறப்பட்டுவிட்டவரை நான்காம் நாள் முதல் மாத்திரை விழுங்கச் செய்வது, அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உறவுடையவர்க்கே இயலும்.

இவர்களுக்குப் பெரும்பாலும் பணிக்கேற்ற ஊக்கத்தொகையே வழங்கப்படுகிறது. ஒரு சோதனைக்கு 15 ரூபாய், ஒரு நோயாளிக்கு முழுச் சிகிச்சை அளிக்க 75 ரூபாய் என்னும் விகிதம் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. கணக்குத் தணிக்கைக்கு இம்முறை ஏற்றது. தடுப்புப் பணிக்கு ஏற்றதன்று. காய்ச்சல் கண்டவரைச் சோதித்தால் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். தொட்டியைக் கவிழ்க்கச் செய்து, கிணற்றில் மீன் உள்ளதா எனப் பார்த்து, காய்ச்சலே வராமல் காத்த பணியாளரின் பதிவேடு வெறுமையாகவே இருக்கும். நோய் மிகுந்த ஊரில் அவருக்கு வருவாய் உண்டு; அவரது உழைப்பால் நோய் நீங்கிய ஊரில் அது குறையும். 2018-இல் வழக்கமான பணிகளுக்கான மாதத்தொகையை மத்திய அரசு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது இக்குறையை ஓரளவே தணித்தது.

நோய் இல்லாத காலத்தும் பணியாளரை நிறுத்திவைத்திருப்பது வீண்செலவா? இலங்கை இதற்கு இருமுறை விடை கண்டுள்ளது. 1963-இல் அங்கு 17 நோயாளிகளே இருந்தனர். கண்காணிப்பு தளர்ந்தது, அடுத்த சில ஆண்டுகளிலேயே நோய் பல இலட்சம் பேரைத் தாக்கியது. 2016-இல் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த பின்னர், அந்நாடு கண்காணிப்பைக் கைவிடவில்லை. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வாயிலாக மொனராகலையில் ஒருவருக்கு நோய் தொற்றியபோது, அது மேலும் பரவாமல் உடனே தடுக்கப்பட்டது.

2030-க்குள் மலேரியாவை ஒழிக்க இந்தியா உறுதி பூண்டுள்ளது. ராஸின் தொட்டி இன்று பெங்களூரில் மாடித் தொட்டியாகவும், கட்டட வேலைத்தளங்களில் தேங்கும் நீராகவும் உருமாறியுள்ளது. நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி இவற்றில்தான் வளர்கிறது. வேலை முடிந்ததும் இடம்பெயரும் தொழிலாளரை அறிந்துவைத்திருப்பது கிராமத்தைவிட நகரில் கடினம். ஆயினும் ஊக்கத்தொகை முறை இரண்டிடத்தும் ஒன்றே. 2025 ஜனவரியில் கர்நாடக ஆஷா பணியாளர்கள் பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் திரண்டு நிலையான ஊதியம் கோரினர்; மாதம் 10,000 ரூபாய் கிடைப்பதை உறுதிசெய்ய மாநில அரசு இணங்கியது. சோதனையின் எண்ணிக்கையைச் சாராத ஒரு தொகை என்பதே இதில் மலேரியாத் தடுப்புக்குப் பயன்படும் கூறு.

கிராமங்களைப் பொறுத்தவரை மற்றொரு வழியும் உண்டு. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுதோறும் 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதி வழங்க விதி இடமளிக்கிறது. கப்பி மீன் வளர்க்க ஒரு சிமெண்டுத் தொட்டி, கோடை கழிந்ததும் கிணறுகளில் மீண்டும் மீன் விடும் செலவு, மாதம் ஒருமுறை அவற்றைப் பார்வையிடும் பணியாளருக்கு ஒரு சிறு தொகை ஆகிய மூன்றையும் இந்நிதியிலிருந்தே குழு தீர்மானித்து வழங்க இயலும். பார்வையிட்ட கிணறுகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் சேர்க்க, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியின் உத்தரவு ஒன்றே போதும்.